வலது கால்

ஆறாவது மாடி. லிப்ட் கிடையாது.
தொண்ணூற்றாறு படி. கீழிருந்து ஒன்பதாவது உடைசல்,
அதை என் முழங்கால் இருட்டிலும் கண்டுகொள்ளும்.

பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு,
நுனியில் ஒரு கிளிப்பு.
யாங்கோனில், எங்கள் தெருவில்
வீட்டுக்கு வீடு தொங்கும்.
காசைக் கவ்வி இறங்கும்
வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு ஏறும்.
இந்த வீட்டில் என்னைவிட அதிகம்
வெளியே போய்வருவது அதுதான்.

கல்யாணமாகி வந்த அன்றைக்குப்
பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி
அத்தனை படியும் ஏறி
வாசலில் மூச்சு வாங்கி நின்றேன்.
"வலது காலை எடுத்து வச்சு வாம்மா."
வலது கால்
வரமாட்டேன் என்றது.
கற்பூரம் அணையும்வரை பார்த்துவிட்டு
இடது காலை வைத்து வந்தேன்.
அதன்பின் இங்கே உடைந்தது, தொலைந்தது,
ஊருக்கே கரண்ட் போனது உட்பட
எல்லாவற்றுக்கும் அந்த இடது கால்தான் காரணம்.

எப்படி ஆச்சு என்று கேட்பவர்களுக்கு
ஒரு கதை வைத்திருக்கிறேன்.
பெகு டீமில் ஒரு தடுப்பாட்டக்காரி,
எருமை மாதிரி இருப்பாள்,
பந்தை விட்டுவிட்டு என்னை உதைத்தாள்.
பதினொரு வருடமாக அவள்
வருடா வருடம் கொஞ்சம் வளர்கிறாள்.
எங்காவது பார்த்தால் சும்மா விடமாட்டேன் என்பார்
என் வீட்டுக்காரர் தனசீலன்.

முதலில் எலும்பு கட்டுகிறவர்:
கறுப்பு எண்ணெய், மூங்கில் பத்தை, நாற்பது நாள்.
பிறகு ஊசி. பிறகு வேறொரு ஊசி.
பிறகு குழாய்க்குள் படுக்க வைத்துப் படம் எடுத்து
நார் அறுந்து ரொம்ப நாளாச்சு என்று ஒரு தொகை சொன்னார்கள்.
படம் கட்டிலுக்கடியில் இருக்கிறது.
தொகை எங்கே இருக்கிறதோ.

இப்போது டோ சாபே.
ஒரு வீசை அரிசியைத் துணியில் முடிந்து
கணுக்காலில் கட்டி
முட்டி மடங்காமல் முப்பது தடவை தூக்கு என்றார்.
தமிழ்நாட்டில் வீசையை மறந்தே போனார்களாம்,
இங்கே அதில்தான் மீன், புளி, என் கால்.
மாதக் கடைசியில் அந்த அரிசியைப் பொங்கித் தின்றோம்.
மறுநாள் இரண்டு வீசை கட்டினேன்.

கரண்ட் இல்லாத நாளில்
மீன்கடை ஐஸ் கயிற்றில் ஏறி வரும்.
வந்து சேர்வதற்குள் பாதி தண்ணீர்,
மீதி உல்லம் மீன் வாடை.
முட்டியில் வைத்துப் படுத்தால்
பூனை வந்து நக்கும்.

போன வாரம் டோ சாபே
காலை மடக்கிக்கொண்டே கேட்டார்:
"யார் வந்து மோதினது?"
எருமைக்காரி நாக்கு நுனிவரை வந்துவிட்டாள்.
யாருமில்லை என்றேன்.
பந்து வந்தது. திரும்பினேன்.
பூட்ஸ் மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது,
உடம்பு மட்டும் திரும்பியது.
நறுக்கென்று ஒரு சத்தம்,
பாக்கு வெட்டுகிற மாதிரி, அவ்வளவு சின்னதாக.
அவள் பத்தடி தள்ளி நின்றிருந்தாள்.
முதலில் ஓடிவந்து
என் தலையை மடியில் வைத்துக்கொண்டவளும்
அவள்தான்.

டோ சாபே ஆச்சரியப்படவில்லை.
"நிறையப் பேருக்கு அப்படித்தான் அறுகிறது," என்றார்.
"சரி, இன்னும் பத்து."

மாடிப்படிக்கு அவர் சொல்லித்தந்த விதி:
ஏறும்போது நல்ல கால் முன்னால்,
இறங்கும்போது வலிக்கிற கால்.
ஆக
வலது காலை எடுத்து வைத்து
வெளியே போகிறவள் நான்.

இன்றைக்குக் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு
வெங்காயத்துக்கு நானே இறங்கினேன்.
நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தேன்.
தெருவில் பையன்களின் பந்து
மழைத்தண்ணீரில் மிதந்து என்னிடம் வந்தது.
இடது காலால் தட்டிவிட்டேன்.
அந்த ஒரு நொடி
வலது கால் தனியாக நின்றது,
என் மொத்த எடையையும் வைத்துக்கொண்டு.

ராத்திரி வீங்கிவிட்டது.
ஐஸுக்குக் கயிறு இறங்கிக்கொண்டிருக்கிறது.
தனசீலனிடம்
இன்னும் சொல்லவில்லை.